பேண்டு செட்டின் பன்னிரண்டாவது ஆள்

சேலத்தில் ஒரு பெண் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு கடைவீதியில் நடந்தால் முதலில் நடப்பது ஒன்றுதான். நடைபாதைக் கடைகள் எல்லாம் ஓரடி பின்வாங்கும். பூக்காரர்கள் கூடையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். கொய்யாப்பழ வண்டி மெதுவாகச் சந்துக்குள் உருளும். செருப்புக் கடைக்காரர் வெளியே தொங்கவிட்ட சரத்தைக் கழற்றி உள்ளே வைப்பார். நான் ஆக்கிரமிப்பைக் கணக்கெடுக்க வந்த மாநகராட்சி ஆள் என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். நான் படமெடுக்க ஆசைப்பட்ட தெரு, காமிராவைக் கண்ணில் வைப்பதற்குள் ஒழுங்காகி, எடுக்க லாயக்கில்லாமல் போய்விடும்.

ஒருமுறை, தட்டுவடைக்கு நடுவில் காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தட்டுவடை செட் போடுகிற அம்மாள், "ஏனுங்க, நாளைக்கே எடுத்துருவீங்களா, ஒரு வாரம் டைம் குடுப்பீங்களா?" என்று கேட்டார். "நான் சும்மா ஆசைக்குப் படம் புடிக்கறவங்க" என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு செட் போட்டுத் தட்டோடு என் கையில் திணித்தார். அதை வாங்கித் தின்றது லஞ்சத்தில் சேருமா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. காரம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

எனக்கு வேலை ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, ஊசி போட்டு ரத்தம் எடுப்பேன். "ஆடாதீங்க, அப்படியே இருங்க" என்று விடாமல் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தையின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. அதனால் காமிரா வாங்கிய அன்றே ஒரு சபதம் எடுத்தேன். வேலை முடிகிற பத்தரை மணிக்கு மேல் இந்த ஊரில் ஒருத்தரையும் "அப்படியே நில்லுங்க" என்று சொல்ல மாட்டேன். அவரவர் பாட்டுக்கு இருக்கட்டும். நான் என் பாட்டுக்கு எடுப்பேன்.

இந்தச் சபதத்தால் விசேஷ வீட்டுப் போட்டோக்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தாலி கட்டப்போன கையைப் பாதியில் நிறுத்தி, "மாப்பிள்ளை, இங்க பாருங்க" என்று சொல்கிற தைரியம் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறதோ! ஐயரே வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அந்த வகையில் நான் ஒருபோதும் சேர மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நான் தேடிப் போய் எடுப்பது தெருவில் கேட்கிற சங்கீதத்தை. சபாக்களில் அல்ல, வெயிலில் நடக்கிற சங்கீதம். இங்கே ஒரு செல்போன் கடை திறந்தால்கூடச் செண்டை மேளம் வந்துவிடும். ஆறு பேர் இடிக்கிற இடியில் பக்கத்துக் கடை பாத்திரங்கள் ரேக்கிலிருந்து இறங்கி வரும். ஆடி மாதம் பம்பைக்காரர்கள் அம்மன் கோயில் தெருவை நிறைப்பார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மாடியில் கூடி, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு காதல் பாட்டுகளாகப் பாடுவார்கள். மனைவிமார்கள் கீழே ஆட்டோவில் காத்திருப்பார்கள். முகூர்த்த நாள் காலைகளில் சிவப்புச் சட்டையும் தங்கக் கலர் ஜரிகையும் போட்ட பேண்டு செட் சீர்வரிசைத் தட்டுகளுக்கு முன்னால் ஊர்ந்து போகும். எனக்குப் பேண்டு செட்தான் உயிர். சங்கீதம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாததால்தான் இந்தக் கதையே நடந்தது.

ஒரு வைகாசிக் காலையில், செவ்வாய்ப்பேட்டையில், ஒரு பேண்டு செட் மண்டபத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர். நான் ஒரு மளிகைக் கடைப் படியில் ஏறி நின்று பார்த்தேன். கிளாரினெட்காரர் ஊதிக்கொண்டே எதிரில் வந்த பேருந்தின் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். டிரம்காரர் ஒரு கையால் அடித்து இன்னொரு கையால் முதுகைச் சொறிந்தார். எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது வரிசையில், ஓரத்தில், கனத்த உடம்புடன் ஒருவர் ட்ரம்பெட்டைப் பிடித்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. கன்னங்கள் உப்பியிருந்தன. நெற்றியில் வேர்வை. முகத்தில் அப்படி ஒரு சாந்தம். வெயில் சரியாக அந்தப் பித்தளையின் மேல் விழுந்தது. நான் எடுத்தேன்.

எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. பத்து வருடமாகத் தெருத்தெருவாக அலைந்ததற்கு இதுதான் பலன் என்று தோன்றியது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் போலவே ஞாயிற்றுக்கிழமைகளில் காமிராவோடு அலைகிற ஆறேழு பேர் சேர்ந்து அந்த ஆடியில் ஒரு கண்காட்சி வைத்தோம். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் எங்களுக்குக் கிடைத்தது. வரிசையாகப் போட்ட டைனிங் டேபிள்களுக்கு மேலே படங்களை மாட்டினோம். வந்தவர்களில் பாதிப்பேர் பழக்க தோஷத்தில் கை கழுவிவிட்டு வந்து பார்த்தார்கள். என் ட்ரம்பெட்காரரை இரண்டடிக்கு மூன்றடியாகப் பெரிதாக்கி, நட்ட நடுவில் வைத்து, கீழே நானே ஒரு தலைப்பும் எழுதியிருந்தேன்: "மூச்சே இசையாக." அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

இரண்டாம் நாள் சங்ககிரியிலிருந்து அந்தப் பேண்டு செட்டின் மாஸ்டரே வந்தார். அவரோடு அவர் ஆட்கள் மூன்று பேர். படத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். மாஸ்டர் தலைப்பைச் சத்தமாகப் படித்தார். பிறகு நான்கு பேரும் டேபிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறி, நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"என்னங்க சிரிக்கறீங்க?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றார் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவனுக்கு ஊதத் தெரியாதுங்க."

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணப் பார்ட்டி பன்னெண்டு பேர் வேணும்பாங்க. மண்டப வாசல்ல நின்னு தலையை எண்ணுவாங்க. எங்ககிட்ட ஊதற ஆளு பதினொண்ணுதானுங்க இருக்குது. அதுக்கு ஒருத்தனுக்கு டிரஸ்ஸப் போட்டு ஓரமா நிறுத்திருவோம். இந்த டிரஸ்ஸு முன்னால இருந்த ஒரு குண்டான ஆளுக்குத் தெச்சது. அது யாருக்குச் சரியா இருந்துச்சோ அவனைக் கூப்புட்டுக்கிட்டோம். லாரித் தார்ப்பாய் தெக்கறவனுங்க இவன்."

அவர் விரலை நீட்டிப் படத்தில் காட்டினார். "கையைப் பாருங்க. மூணு பட்டனையும் ஒண்ணா அமுக்கிப் புடிச்சிருக்கறான். அப்பிடி எவனாச்சும் ஊதுவானா? அப்பறம் வாய் வெக்கிற எடத்துல பாருங்க. மவுத்பீஸே இல்லை."

பார்த்தேன். இல்லை. மூன்றடிக்குப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, தூசி துடைத்து மாட்டிய எனக்கு, அந்த ட்ரம்பெட்டின் முனை வெறும் குழாயாக இருந்தது தெரியவில்லை. மொட்டைக் குழாயை உதட்டில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் தெய்வத்தைக் கண்டவர் மாதிரி நின்றிருந்தார்.

"மொத நாளு மவுத்பீஸோடதான் குடுத்தேன். ஆசையில ஒருக்கா ஊதிப்புட்டான். மாப்பிள்ளை ஏறியிருந்த குதிரை மெரண்டு டீக்கடைக்குள்ள போயிருச்சு. அன்னியில இருந்து மவுத்பீஸ் என்னோட பாக்கெட்லதான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாஸ்டர் மேலே, தார்ப்பாய்க்காரர் மேலே, தலையை எண்ணுகிற பார்ட்டிகள் மேலே. உண்மையில் என் மேலேதான். பதினோரு பேர் நிஜமாக ஊதுகிறார்கள், அடிக்கிறார்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, சும்மா நின்றவரைப் போய்ப் பிடித்திருக்கிறேன். பிறகு ஒரு வாரம் காமிராவைத் தொடவில்லை. நடைபாதைக் கடைகள் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் படம் அதற்குள் கிளம்பிவிட்டது. கண்காட்சிக்கு வந்த யாரோ செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

ஆவணியில் ஒரு காலை, பரிசோதனை நிலையத்தில் நல்ல கூட்டம். டோக்கன் நம்பரைக் கூப்பிட, ஒரு கனத்த ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து ரப்பர் பட்டையைக் கட்டினேன். பஞ்சால் துடைத்தேன். "அக்கா, ரத்தம் வேண்டாமுங்க, பேசோணும்" என்று அவர் ஏதோ சொன்னார். ஊசியைக் கண்டதும் எல்லோரும் அப்படித்தான் ஏதாவது பேசுவார்கள். "ஆடாதீங்க, அப்படியே இருங்க" என்று ஊசியைக் கொண்டுபோனேன். அவர் கண்ணை மூடிக் கன்னத்தை உப்பினார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த முகம்.

"நீங்களா!" என்றேன்.

"நானேதானுங்க," என்றார் கண்ணைத் திறக்காமல். "ஊசியைக் கீழ வெச்சுருங்க, சொல்றேன்."

மாஸ்டரிடம் விசாரித்து வந்தவராம். கூட்டம் குறைந்ததும் வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார். அவருடைய தங்கையைப் பரமத்தி வேலூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் கொடுத்திருந்தது. கல்யாணமாகி ஆறு வருடம். இவர் அந்த வீட்டுக்குப் போனால், "தார்ப்பாய் தெக்கறவன் வந்திருக்கறான்" என்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றாது. வாசல் தூணில் சாய்ந்து நின்று பேசிவிட்டு வருவார். அப்படி இருக்கையில் என் படம் வாட்ஸ்அப்பில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. தங்கை அதைப் பெரிதாகப் பிரிண்டு போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள்.

"நான் ஊதறேன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்கக்கா. பேண்டுல இருக்கறேன்னு சொன்னேன். அது நெசம்தானுங்களே. போன மாசம் போனேன். தங்கச்சியோட மாமனாரு என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, 'சேரு எடுத்தாங்கடா'ன்னாரு. ஆறு வருசத்துல மொதத் தடவையா அந்த ஊட்டுல எனக்குச் சேர் போட்டாங்க."

டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

இன்னும் மூன்று வாரத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன்தான் சீர்த் தட்டுகளோடு ஊர்வலமாக வர வேண்டும். இதெல்லாம் வழக்கம். ஆனால் மாமனார் ஒன்று சேர்த்துக்கொண்டார். தாய்மாமன் தானே ட்ரம்பெட் ஊதிக்கொண்டு வர வேண்டும். வாசலில் நின்று தனியாக ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். சொந்தபந்தம் பூராவுக்கும் சொல்லி வைத்துவிட்டாராம்.

"மூணு வாரம் இருக்குதில்ல, கத்துக்க முடியாதுங்களா?" என்றேன்.

"மவுத்பீஸ் எரவல் வாங்கி, தார்ப்பாய்ப் பட்டறையில ரெண்டு நாளு முயற்சி பண்ணுனேன். பட்டறைக்காரரு, ஒண்ணு குழாயி, இல்லாட்டி வேலைன்னுட்டாரு." அவர் என்னைப் பார்த்தார். "நீங்கதானுங்க இழுத்து விட்டீங்க. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. சும்மா ஓரமாக நின்ற மனிதரை நடுவில் இழுத்துவிட்டவள் நான்தான். ஆனாலும் என் மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லுங்க தம்பி. அன்னிக்கு எதுக்குக் கண்ணை மூடிட்டு அப்பிடி நின்னீங்க? நடிப்பா?"

"நடிப்பு எங்கீங்க எனக்கு வருது? கேட்டுட்டு இருந்தேனுங்க. ஊதறவனுக்கு அடுத்து எந்தப் பட்டனை அமுக்கறதுங்கற கவலை. டிரம்மு அடிக்கறவனுக்குக் கை வலி. எனக்குத்தான் வேலையே இல்லையே. பன்னெண்டு பேர்ல பாட்டைக் கேக்கறது நான் ஒருத்தன்தானுங்க."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு எப்படியாவது அந்த நாற்காலியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மறுவாரம் மாஸ்டரையும் சேர்த்துக்கொண்டு திட்டம் போட்டோம். ஊர்வலத்தில் பிரச்சினை இல்லை. பதினோரு பேர் ஊதும்போது இவர் பாவனை செய்தால் போதும். வாசலில் தனியாக வாசிக்கும் இடம்தான் சிக்கல். மாமனார் வீட்டில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டப் போவதாகத் தங்கை சொல்லியிருந்தாள். அதிலும் என் படம்தான், ஆளுயரத்துக்கு. நிஜமாக ட்ரம்பெட் ஊதுகிறவர் அந்தப் பேனருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஊதுவார். இவர் முன்னால் நின்று கன்னத்தை உப்புவார். யாரும் பக்கத்தில் வந்து பார்க்காமலும், பின்னால் போகாமலும் தடுக்க ஒரு ஆள் வேண்டும்.

"விசேஷ ஊட்ல எல்லாரையும் அதட்டி நிறுத்தற அதிகாரம் ஒருத்தருக்குத்தானுங்க இருக்குது," என்றார் மாஸ்டர், என் காமிராவைப் பார்த்துக்கொண்டே.

என் சபதம் அங்கே செத்தது.

காதுகுத்து நாள். வாய்க்கால் ஓரம் வெற்றிலைக் கொடிக்கால்கள், அதைத் தாண்டி வாழை, அதைத் தாண்டி அந்த வீடு. காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. இன்று நாலு பேர் கிட்ட வந்து பார்ப்பார்கள் என்பதால் மாஸ்டர் மனசே இல்லாமல் மவுத்பீஸைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "மாட்டிக்க. உள்ள காத்து மட்டும் போகக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நான் முன்னால் பின்நடையாக நடந்தேன். "தட்டு வெச்சிருக்கறவங்க வரிசையா வாங்க! அக்கா, முந்தானையச் சரி பண்ணுங்க! பெரியவரே, நகருங்க!" எனக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால்கூட ஜனங்கள் இவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை.

வாசலில் பேனர் கட்டியிருந்தது. பக்கத்தில் மைக் செட்டின் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. ஊர்வலம் நின்ற சந்தடியில் நிஜ ட்ரம்பெட்காரர் பின்பக்கம் நழுவினார். மாமனார் வெள்ளை வேட்டி சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். வற்றிய உடம்பு, கூர்மையான கண். "ஆரம்பிங்க மாப்ள," என்றார்.

நம் ஆள் ட்ரம்பெட்டைத் தூக்கினார். கண்ணை மூடினார். கன்னம் உப்பியது. பேனருக்குப் பின்னாலிருந்து பாட்டு எழுந்தது. நல்ல பாட்டு. ஜனங்கள் வாய் பிளந்து நின்றார்கள். "கிட்ட வராதீங்க, நிழல் விழுகுது!" என்று நான் கையை விரித்துத் தடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போதுதான் அந்தக் குழந்தை, பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா" என்று ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது.

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ட்ரம்பெட்டை இடுப்போடு இறக்கிவிட்டு, குனிந்து குழந்தையைத் தூக்கி ஒரு முத்தம் கொடுத்தார்.

பாட்டு நிற்கவில்லை. பேனருக்குப் பின்னால் இருந்தவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் அப்போதுதான் சரணத்துக்குள் நுழைந்திருந்தார்.

மாமனாரின் புருவம் ஏறியது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கத்தினேன்: "எல்லாரும் அப்படியே நில்லுங்க! இங்க பாருங்க! சிரிங்க!"

நின்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பேரும் நின்றார்கள். சந்தேகப்பட்டவர்கள் சந்தேகத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார்கள். மாமனார் ஏறிய புருவத்தோடேயே சிரித்தார். யாருமே ஊதாத ஒரு பாட்டு முற்றத்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அறுபது எழுபது பேர் பல்லைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிகிறவரை எடுத்தேன்.

முடிந்ததும் எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். பிறகு கூட்டத்திலிருந்து ஒரு சித்தப்பா முறைக்காரர் ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டிச் சொன்னார்: "ரெக்கார்டுங்க. இப்பெல்லாம் பெரிய ஆளுங்க அப்பிடித்தானுங்க. முன்னாடியே ஊதி ரெக்கார்டு பண்ணி வெச்சுக்குவாங்க. மேடையில சும்மா கையில வெச்சிருப்பாங்க."

"ஓ!" என்றார் மாமனார். அவர் முகம் தெளிந்தது. தெளிந்தது மட்டுமல்ல, மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது. "ரெக்கார்டு போடற அளவுக்கு ஆயிட்டீங்களா மாப்ள! ஏப்பா, அந்தக் கையி வெச்ச சேரை எடுத்தாங்க!"

கை வைத்த நாற்காலி வந்தது. நம் ஆள் அதில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சிமிட்டினார். நான் பேனர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன்.

குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்தார்கள். ட்ரம்பெட் அவர் காலடியில் இருந்தது. ஆசாரி ஊசியோடு வந்தார். ஒரு காது குத்தியானது. குழந்தை வீலென்று அலறியது. இரண்டாவது காதுக்கு விடவே இல்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. பேண்டு செட்டில் மீதி இருந்த பத்துப் பேரும் உரக்க வாசித்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் அலறியது. வாழைப்பழம், கிலுகிலுப்பை, செல்போன் எல்லாம் காட்டினார்கள். அம்மாக்காரி அழ ஆரம்பித்தாள். ஊசி போட்டே பிழைக்கிற எனக்கே மனசு தாங்கவில்லை.

"மாப்ள, ரெக்கார்டெல்லாம் வேண்டாம்," என்றார் மாமனார். "நீங்க நேருல ஒண்ணு ஊதுங்க. புள்ளை அடங்கிரும்."

முற்றம் முழுவதும் அவரைப் பார்த்தது. மாஸ்டர் அவசரமாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் காமிராவைத் தூக்கினேன். இன்னொரு முறை கத்தினால் போதும், காப்பாற்றிவிடலாம். தார்ப்பாய்க்காரர் என் பக்கம் திரும்பினார். கையை லேசாக உயர்த்தி, விடுங்க என்றார். குழந்தையின் ஒரு காதில் தோடு, ஒரு காது மொட்டை, மூக்கெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து ட்ரம்பெட்டை எடுத்தார். மூன்று பட்டனையும் ஒன்றாக அமுக்கினார். ஊதினார்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. சங்ககிரி மேட்டில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று தொண்டை கட்டிப்போய் ஆரன் அடித்தால் கிட்டத்தட்ட அப்படி இருக்கும். கொடிக்காலில் இருந்த கொக்குகள் மொத்தமாக எழுந்தன. பந்தலுக்குப் பின்னால் சமையல்காரர் கையிலிருந்து கரண்டி விழுந்தது. குழந்தை வாயைத் திறந்தபடி, சத்தமில்லாமல், மாமனையே பார்த்தது. ஆசாரி கெட்டிக்காரர், அந்த நேரத்தில் இரண்டாவது காதைக் குத்தி, தோட்டையும் மாட்டி முடித்துவிட்டார்.

"இன்னொருக்கா மாமா," என்றது குழந்தை.

அவர் இன்னொருக்கா ஊதினார். அது முதலாவதைவிட மோசம். குழந்தை கைதட்டிச் சிரித்தது. அதைப் பார்த்து முற்றமே சிரித்தது, பேண்டு செட் உட்பட. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"இதானா உங்க ஊதலு?" என்றார்.

சிரிப்பு அடங்கியது. தார்ப்பாய்க்காரர் ட்ரம்பெட்டைக் கீழே வைத்தார். "எனக்கு ஊதத் தெரியாதுங்க மாமா. ஆளு கொறையாம இருக்கறதுக்கு டிரஸ் போட்டு நிக்கறவன் நானு. அந்தப் போட்டோவுல ஊதலீங்க. இப்ப கேட்டதும் ரெக்கார்டு இல்லீங்க, பேனருக்குப் பின்னால ஆளு இருக்குது."

சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே, குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு அந்த நாற்காலியை விட்டு எழப்போனார்.

மாமனார் ஒரு கணம் பேனரைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். "உக்காருங்க," என்றார். "எதுக்கு எந்திரிக்கறீங்க? புள்ளை மடியில இருக்குதில்ல."

அவர் உட்கார்ந்தார். மாமனார் தனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

பந்தியில் தங்கைதான் எனக்குப் பரிமாறினாள். "உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்கக்கா, எங்கண்ணனுக்குச் சின்னதுல விசிலே அடிக்க வராது," என்றாள். "அவன் மூஞ்சி அத்தனை நிம்மதியா இருந்து நான் பாத்ததே இல்லை. அதுக்குத்தான் மாட்டினேன். ஊதறானா இல்லையான்னு யாரு பாத்தா?" அந்தப் படத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இனிமேல் கிடைக்கப்போவதில்லை. பாயசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கினேன்.

நிஜ ட்ரம்பெட்காரரை எல்லோரும் மறந்துபோயிருந்தோம். விஷயம் வெளியானது தெரியாமல் அவர் மத்தியானம்வரை பேனருக்குப் பின்னாலேயே குந்தியிருந்தார். யாரோ போய்க் கூட்டிவந்து இலை போட்டார்கள்.

நான் கிளம்பும்போது தார்ப்பாய்க்காரர் வேலி வரைக்கும் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "அக்கா, அந்தப் போட்டோவைக் காட்டுங்க பாக்கலாம்," என்றார்.

"எந்தப் போட்டோ?"

"நான் ஊதினது."

காமிராவைத் திருப்பித் தேடினேன். அறுபது பேர் பல்லைக் காட்டுகிற படம் இருந்தது. ஒன்றல்ல, நாற்பது இருந்தது. ஒரு காதில் தோடு மாட்டிய குழந்தை அழுகிற படம் இருந்தது. அதற்கு அடுத்தது பந்தி, வாழை இலை, பாயசம். நடுவில் எதுவும் இல்லை. காமிராவைக் கண்வரை தூக்கிய கை அவர் வேண்டாம் என்றதும் தாழ்ந்தது. அப்புறம் மேலே வரவே இல்லை.

அவர் எட்டிப் பார்த்தார். நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார்.

"ஊதாதப்பப் புடிச்சு ஊரு பூரா காட்டுனீங்க. இன்னிக்கு அத்தனை பேரு மத்தியில நெசமா ஊதுனேன். ரெண்டு தடவை ஊதுனேன். என்னதானுங்க சாமி பண்ணிட்டு இருந்தீங்க?"

"கேட்டுட்டு நின்னுட்டேனுங்க தம்பி," என்றேன்.